காற்றில் எப்போதும் இருந்தது

கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த 2021ஆம் ஆண்டின் மே மாதத்தைத் தமிழ்நாட்டில் கழித்த எல்லோருடைய நினைவிலும் ஏறக்குறைய ஒரே வரிசை இருக்கும். முதலில் படுக்கை கிடைக்கவில்லை, பிறகு ஆக்சிஜன் கிடைக்கவில்லை. ரெம்டெசிவிர் ஊசி வாங்கக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் சனங்கள் இரவெல்லாம் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றப்பட்டது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்கு முன்பே கருப்புப் பூஞ்சை என்ற பெயர் காதில் விழ ஆரம்பித்தது. கன்னம் வீங்கி, ஒரு கண் மூடிய முகங்கள் செய்திகளில் வந்தன. சில நாட்களுக்குள் வெள்ளைப் பூஞ்சை, மஞ்சள் பூஞ்சை என்று வண்ணம் வண்ணமாக வதந்திகள் கிளம்பின. ராஜஸ்தான் மே 19 அன்று கருப்புப் பூஞ்சையைக் கொள்ளைநோய் என்று அறிவித்தது. மறுநாளே மத்திய சுகாதார அமைச்சகம், மருத்துவமனைகள் கட்டாயமாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இதை அறிவிக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது, தமிழ்நாடும் அறிவித்தது. ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு, 45,000க்கு மேற்பட்ட நோயாளிகள், 4,300க்கு மேற்பட்ட சாவுகள். எங்கிருந்தோ வந்து, ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்தவர்களை இன்னொரு முறை அடித்துவிட்டுப் போன ஒன்றாக அதை நினைவில் வைத்திருக்கிறோம். அந்த நினைவை நான் நம்புவதில்லை. பூஞ்சை எங்கிருந்தும் வரவில்லை. அது நுழைவதற்கான வழியை, நல்ல நோக்கத்தோடும் பதற்றத்தோடும், நாமே திறந்துவிட்டோம். கையிலிருக்கும் சான்றுகள் இதைத்தான் சொல்கின்றன.

முதலில் பூஞ்சையைப் பற்றி. மியூகோர்மைகோசிஸ், சுருக்கமாக மியூகோர், என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயை உண்டாக்குபவை மியூகோரேல்ஸ் என்ற வரிசையைச் சேர்ந்த பூஞ்சைகள். இந்தியாவில் அதிகம் பிடிபடுவது ரைசோபஸ் அர்ரைசஸ். மக்கும் இலைக்குப்பை, சாணம், ஈரமண், மூடிவைத்து மறந்துபோன ரொட்டி என்று எங்கும் வளர்வது. அதன் வித்துகள் காற்றில் மிதக்கின்றன. இதைப் படிக்கும்போதும் சிலவற்றை நாம் உள்ளிழுத்துக்கொண்டிருக்கலாம். மனித உடலில் அது செய்யக்கூடியதை ஆர்னால்ட் பால்டாஃப் என்ற மருத்துவர் 1885இலேயே பதிவு செய்திருக்கிறார். இருந்தும் கோடிக்கணக்கானவர்கள் ஒன்றும் ஆகாமல் நடமாடுவதற்குக் காரணம் நம் வெள்ளணுக்கள். மூக்கிலும் நுரையீரலிலும் ஒதுங்கும் வித்துகளை முளைக்க விடாமல் அவை தின்றுவிடுகின்றன. இந்தக் காவல் தளர்வதற்குச் சில வழிகள் உண்டு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினால் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். சர்க்கரை முற்றி ரத்தம் அமிலத்தன்மை அடைந்தால் நிலைமை இன்னும் மோசம்: டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் இரும்பு விடுபடுகிறது, இந்தப் பூஞ்சைக்கோ இரும்பு என்றால் உயிர். இது வெறும் ஊகமில்லை. 1980களில் டயாலிசிஸ் நோயாளிகளின் உடலில் சேர்ந்த இரும்பையும் அலுமினியத்தையும் வெளியேற்ற டெஃபெராக்சமின் என்ற மருந்து கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு மியூகோர் வந்தது. உடலிலிருந்து இரும்பை எடுத்துப்போக வேண்டிய மருந்து, அதைப் பூஞ்சையின் வாய்க்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது வழி ஸ்டீராய்டு. அது வெள்ளணுக்களையும் முடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். ஒரே மாத்திரை இரண்டு கதவுகளைத் திறக்கிறது.

முளைத்த பூஞ்சை செய்வது என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் வாதம் அதைப் பொறுத்தது. அது ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு வளர்கிறது. குழாய்க்குள் ரத்தம் உறைகிறது. அதற்கு அப்பாலுள்ள சதைக்கு ரத்தம் போகாமல் அது கருத்துச் செத்துவிடுகிறது. மூக்கிலிருந்து சைனஸ் அறைகளுக்கும், அங்கிருந்து மேல்தாடைக்கும், கண்குழிக்கும், மூளைக்கும் நாட்கணக்கில் பரவும். ஒரு பக்க முகவலி, கன்னத்தில் மரமரப்பு, ஆடும் மேற்பல், தொங்கும் இமை, இரட்டையாகத் தெரியும் பார்வை ஆகியவை ஆரம்பத் தடயங்கள். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் இங்கே அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாததாகிறது: செத்த பகுதியை முழுக்கச் சுரண்டி எடுத்தாக வேண்டும், சில சமயம் கண்ணோடு.

கொரோனாவுக்கு முன்பே உலகத்தில் மியூகோர் மிகுந்த நாடு இந்தியாதான். சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அருணாலோக் சக்ரவர்த்தியும் அவரது குழுவினரும் பல ஆண்டுகளாக இதை எழுதி வந்தார்கள். பத்து லட்சம் பேருக்குச் சுமார் 140 பேர் என்பது அவர்கள் வந்தடைந்த மதிப்பீடு. வளர்ந்த நாடுகளின் அளவைப்போல 70 மடங்கு. மேலை நாடுகளில் இந்த நோய் வருவது பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும். இங்கே வருவது சர்க்கரைக்காரர்களுக்கு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். எண்ணிக்கையைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2017-18இல் தேசிய அளவில் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில், சர்க்கரை நோய் இருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அது இருப்பது தெரிந்திருந்தது. கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் ஆறில் ஒருவருக்கும் குறைவு. மியூகோர் வந்து மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தனக்குச் சர்க்கரை என்று தெரிந்துகொள்பவர்கள் இந்திய மருத்துவர்களுக்குப் பழகிப்போன காட்சி. 2020இல் கொரோனா வந்து இறங்கியது இப்படிப்பட்ட ஒரு மக்கள்தொகையின் மேல்.

இனி ஸ்டீராய்டு. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரிகவரி ஆய்வு தன் முடிவைச் சொன்னது: நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. சில ரூபாய் மாத்திரை. ரெம்டெசிவிருக்கு நின்ற வரிசையை நினைக்கும்போதெல்லாம் இந்த விலை வித்தியாசமும் நினைவுக்கு வருகிறது. அந்த ஊசி சாவைக் குறைத்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வு அப்போதே எதையும் கண்டிருக்கவில்லை. ஆனால் ரிகவரி முடிவில் இன்னொரு பாதியும் இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் இந்த மருந்தால் ஒரு பலனும் இல்லை. மருந்து எடுத்தவர்களில் 17.8 சதவீதம் பேரும் எடுக்காதவர்களில் 14 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியும், தீங்கு செய்ததற்கான அறிகுறியாகவும் எடுத்துக்கொள்ள முடியும். நன்மைக்குச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் முதல் பாதி பரவிய வேகத்தில் இரண்டாம் பாதி பரவவில்லை. காய்ச்சலின் இரண்டாம் நாள், மூன்றாம் நாளிலேயே ஸ்டீராய்டு எழுதிய சீட்டுகள் வாட்ஸ்அப்பில் குடும்பம் குடும்பமாகச் சுற்றின. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து என்று சட்டம் சொல்கிறது. மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அளவிலும் கணக்கு தவறியது. 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்பது 32 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோனுக்குச் சமம். காலையும் மாலையும் 40 மில்லிகிராம் என்று எழுதினால், பலன் நிரூபிக்கப்பட்ட அளவைப்போல இரண்டரை மடங்கு போகிறது.

மருந்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைச் சான்றோடு காட்ட முடியுமா? முடியும். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, அதாவது டெல்டா என்ற இரண்டாம் அலைக்கு முன்பே, இந்தியாவின் 16 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 287 மியூகோர் நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. அவர்களில் 187 பேர் கொரோனா வந்தவர்கள். முந்தைய ஆண்டின் இதே நான்கு மாதங்களோடு ஒப்பிட்டால் மியூகோர் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. கொரோனா வந்தவர்களிடம் இந்நோயோடு தனித்துப் பிணைந்திருந்தவை இரண்டு: ஆக்சிஜன் குறையும் அளவுக்கு முற்றிய கொரோனா, முறையற்ற ஸ்டீராய்டு. இரண்டாம் அலையின்போது கண் மருத்துவர்கள் நாடெங்கும் சேர்ந்து தொகுத்த 2,826 நோயாளிகளின் விவரத்தில் 87 சதவீதம் பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள், 78 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. முதல் ஆய்வு 2021 அலைக்கு ஒரு முன்னறிவிப்பு என்றுதான் சொல்வேன். 2020 டிசம்பரிலேயே மருத்துவமனைகளின் பதிவேடுகளில் அது இருந்தது. மே மாதம் எல்லோரும் திடுக்கிட்டோம் என்றால், அதற்குக் காரணம் நாம் பார்க்காதிருந்தது.

இதற்குப் பல மறுப்புகள் உண்டு. சிலவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. ஸ்டீராய்டு உலகம் முழுக்கக் கொடுக்கப்பட்டதே, பிரிட்டனில் ஏன் கருப்புப் பூஞ்சை பரவவில்லை என்று கேட்பார்கள். ஸ்டீராய்டு மட்டும் போதாது என்பதே பதில். காற்றில் வித்து மிகுந்த, சர்க்கரை மிகுந்த, அந்தச் சர்க்கரையை அளந்து பார்க்காத ஓர் இடத்தில்தான் அது இவ்வளவு நாசம் செய்யும். இந்தப் பதிலால் என் வாதம் நொறுங்கவில்லை, கொஞ்சம் கூர்மையாகிறது: மருந்து கொடுத்தது ஒரு பிழையென்றால், கொடுத்த பிறகு விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்க்காதது அதைவிடப் பெரிய பிழை. 16 மருத்துவமனைகளின் ஆய்விலேயே கொரோனா வந்த மியூகோர் நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு வேறு எந்த அடிப்படை நோயும் இல்லையே என்பது அடுத்த மறுப்பு. இது கனமானது. கொரோனா வைரஸே உடலின் காவலைக் குலைக்கிறது, கணையத்தைப் பாதித்துச் சர்க்கரையை ஏற்றுகிறது, அதற்கு ஸ்டீராய்டு தேவையில்லை என்று வாதிக்க இடமிருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், வைரஸுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வைரஸின் பங்கு நம் கையில் இருந்ததில்லை, மருந்துச் சீட்டு இருந்தது. தொழிற்சாலை ஆக்சிஜன், அழுக்குத் தண்ணீர் ஊற்றிய ஹ்யூமிடிஃபையர், துவைக்காத முகக்கவசம், நாள் முழுக்கப் பிடித்த ஆவி, அளவின்றி விழுங்கிய துத்தநாக மாத்திரை என்று அந்த மாதங்களில் ஊடகங்கள் அடுக்கிய காரணங்களும் உண்டு. சில ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தொகுப்பிலிருந்த 2,826 பேரில் ஆக்சிஜன் வைக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 57 சதவீதம்தான். ஆக்சிஜனே வாங்காமல் வீட்டிலிருந்து வந்த நோயாளிகளுக்கு ஹ்யூமிடிஃபையர் எப்படிக் காரணமாகும்?

எல்லாப் பூஞ்சைத் தொற்றையும் சிகிச்சையின் தலையில் கட்டுகிறாய் என்றும் சொல்லலாம். இல்லை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள ஜாப்லின் நகரை 2011 மே 22 அன்று சூறாவளி புரட்டிப்போட்டது. காயம்பட்டவர்களில் 13 பேருக்கு அபோஃபைசோமைசிஸ் என்ற மியூகோரினப் பூஞ்சை தொற்றி ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இல்லை. பறந்துவந்த மரச்சிம்புகளும் மண்ணும் வித்துகளைச் சதைக்குள்ளேயே கொண்டுபோய்ச் செருகிவிட்டன. அதுபோன்ற ஒன்றை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அதே நாட்டில் நியூ ஆர்லியன்ஸின் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 2008-09இல் ஐந்து குழந்தைகளுக்குத் தொற்றியது படுக்கை விரிப்புகளின் வழியாக. அதைத் தடுத்திருக்க முடியும். இந்தியாவின் 2021 இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. ஜாப்லினைச் சேர்ந்தது போலவே நாம் பேசிவருகிறோம்.

எனக்கு உண்மையிலேயே சங்கடம் தரும் மறுப்பு கடைசியாக வருகிறது. படுக்கை இல்லாத ஊரில், விரலில் மாட்டிய கருவி 93 காட்டும்போது, தொலைபேசியில் கெஞ்சும் குடும்பத்துக்கு ஒரு மருத்துவர் வேறு என்ன எழுதியிருக்க முடியும்? ஸ்டீராய்டு பிழைக்க வைத்தவர்கள் இந்தப் பூஞ்சை கொன்றவர்களைவிட நிச்சயம் பல மடங்கு அதிகம். எல்லாம் முடிந்த பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. மத்திய அரசே ஏப்ரல் இறுதியில் வெளியிட்ட வீட்டுத் தனிமைக்கான நெறிமுறையில், காய்ச்சலோ இருமலோ ஏழு நாளைத் தாண்டினால் மருத்துவரைக் கேட்டுக் குறைந்த அளவு ஸ்டீராய்டு எடுக்கலாம் என்று இருந்தது. அப்படியிருக்க, மூலையிலிருந்த மருத்துவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். ஆகவே என் குற்றச்சாட்டு ஸ்டீராய்டு எழுதியவர்மேல் இல்லை. அதே சீட்டில் இரண்டாவது வரியாக ‘தினமும் சர்க்கரை பார்க்கவும்’ என்று எழுதப்படாமல் போனதே, அதுதான் என் குறை. ஆக்சிஜன் அளக்கும் கருவியை அந்த மாதம் இந்தியக் குடும்பங்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கின. எண் 94க்குக் கீழே போனால் என்ன செய்வது என்று கடைக்கோடி கிராமம் வரை தெரிந்திருந்தது. அதே விலையில் கிடைக்கும் குளுக்கோமீட்டரைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மக்கள் கேட்டிருக்க மாட்டார்கள் என்று கூறுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இருப்பதெல்லாம் எதிர்த் திசையில்தான் இருக்கிறது.

நடந்ததைத் தவறாக நினைவில் வைத்திருப்பதால் பணம் எங்கே போகிறது என்பதும் மாறுகிறது. 2021 கோடையின் பேச்சு முழுக்கப் பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் மருந்துக் குப்பிகளைப் பற்றியது. அந்தப் பஞ்சம் பொய்யில்லை. 1950களில் வெனிசுலாவின் ஒரினோகோ ஆற்றோர மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பழைய மருந்து இது. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், நடுக்கக் குளிரைக் கொண்டுவரும். கொழுப்புக் குமிழியில் பொதிந்த லிப்போசோமல் வகை சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் கருணை காட்டும், பணப்பைக்குக் காட்டாது. ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ மனிதருக்கு நாளுக்கு 300, அதாவது 50 மில்லிகிராம் குப்பி ஆறு. மூன்று வாரத்துக்கு 126 குப்பி, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். ஜூன் 12 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் இதன்மீதான 5 சதவீத வரியை நீக்கியபோது அது ஒரு நிவாரணமாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் எத்தனை குப்பி குவித்தாலும், ரத்தம் போகாத சதைக்குள் மருந்து போகாது என்று முன்பே சொன்னேன். நோயாளி இரண்டு நாள் முன்னதாக வருவது அந்தக் குப்பிகளில் பலவற்றுக்குச் சமம்.

முன்னதாக வருவதற்கு முன்னதாகக் கண்டுபிடிக்க வேண்டும், இங்கே நம் மருத்துவமனைகளின் பலவீனம் பளிச்சென்று தெரிகிறது. பூஞ்சைத் தொற்றுக்கென்று ரத்தத்தில் பார்க்கும் கேலக்டோமேனன், பீட்டா டி குளுக்கான் சோதனைகள் இரண்டும் மியூகோரைக் காட்டாது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை என்று நினைத்து அதற்கான வோரிகோனசோல் மருந்தைக் கொடுத்தால் மியூகோர் அதைச் சட்டை செய்யாமல் வளரும். வேண்டியது, மூக்கிலிருந்து சுரண்டிய சிறு துண்டைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து நுண்நோக்கியில் பார்ப்பது. அகன்று, நாடாபோல் மடங்கி, தடுப்புச் சுவரில்லாமல், செங்கோணத்தில் கிளைக்கும் இழைகள் தெரிந்தால் அன்றைக்கே சிகிச்சையை ஆரம்பித்துவிடலாம். செலவு சொற்பம், நேரம் நிமிடக்கணக்கு. மாவட்ட மருத்துவமனைதோறும் பூஞ்சையியல் நிபுணரை எங்கே போய்த் தேடுவது என்று கேட்பவர்கள், கோழையில் காசநோய்க் கிருமியைப் பார்க்க இதே நாடு தாலுகா வரை ஆய்வக நுட்புநர்களைப் பழக்கியதை மறந்துவிடுகிறார்கள். அரிய நோய்க்கு அவ்வளவு மெனக்கெடுவதா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு: பார்க்காத இடத்தில் எல்லாமே அரிதுதான். உலக சுகாதார நிறுவனம் மனிதரைத் தாக்கும் பூஞ்சைகளில் கவனிக்க வேண்டியவை எவை என்று ஒரு பட்டியல் போட்டதே 2022 அக்டோபரில்தான். 19 பூஞ்சைகள், மியூகோரேல்ஸ் அதில் இரண்டாம் படியில்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலை வந்தபோது மத்திய அரசின் நெறிமுறை திருத்தப்பட்டது. ஸ்டீராய்டைச் சீக்கிரமாகவோ அதிகமாகவோ நீண்ட நாளோ கொடுத்தால் மியூகோர் போன்ற தொற்றுகள் வரலாம் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அந்த அலையில் கருப்புப் பூஞ்சை பெரிதாகத் தலைகாட்டவில்லை. இதை என் வாதத்துக்கு நிரூபணமாக எடுத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் ஒமிக்ரான் மென்மையானது, தடுப்பூசியும் போட்டிருந்தோம். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்லும் அளவுக்காவது கணக்கு வைத்திருக்கலாம். நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கிலிருந்து நம் நினைவில் நின்றவை இரண்டு எண்கள்தான்: எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள். ஒரு கண்ணை இழந்தவர்கள், மேல்தாடை எடுக்கப்பட்டதால் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வருபவர்கள், செயற்கை அண்ணம் வைத்துக்கொள்ள இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அலைபவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ஸ்டீராய்டு எந்த அளவில் எத்தனை நாள் கொடுக்கப்பட்டது, எத்தனை பேருக்குச் சர்க்கரை பார்க்கப்பட்டது என்ற விவரமெல்லாம் மருத்துவமனைகளின் கேஸ் ஷீட்டுகளில் கிடக்கிறது. அறிவிக்க வேண்டிய நோய் என்று சட்டப்படி ஆக்கப்பட்டதால் அவற்றைக் கேட்டு வாங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு 2021 மே மாதத்திலேயே கிடைத்துவிட்டது.